ஒரே பானைச் சோறு

எங்கள் வீட்டில் வயிற்றுவலி என்றால் அது என் கணவருடையது. வேறு யாருக்கும் அதில் பங்கு கிடையாது. செங்கல்பட்டுக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் அவர் கண்டக்டர். வேளைக்குச் சாப்பாடு இல்லை, டீயும் பொறை ரொட்டியுமாக ஓடும் பிழைப்பு. குடல்புண் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வீட்டில் பத்தியச் சமையல்: குழைந்த சோறு, பால், காரமில்லாத பாசிப்பருப்பு. அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டால் வீட்டில் ரேடியோகூடப் பாடாது.

எழுபதுகளின் தொடக்கத்தில் மெட்ராசிலிருந்து சில டாக்டர்கள் செங்கல்பட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்து குடல்புண்ணைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். சோறு தின்கிற நம் பக்கத்து ஆட்களுக்கு இந்த நோய் ஏன் இவ்வளவு வருகிறது என்பது அவர்கள் கேள்வி. நோயாளியைச் சேர்த்துக்கொள்ள ஒரு நிபந்தனை உண்டு. அவரோடு ஒரே பானையில் சாப்பிடுகிற, நோயில்லாத ஒருவரும் கூட வர வேண்டும். இரண்டு வயிற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மிச்சம் இருந்தது நான்தான்.

"உனுக்கு இன்னா கேடு? கல்லு மாதிரி கீற. வா" என்றார் கணவர். நெம்மேலிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. லீவு போட்டுவிட்டுப் போனேன்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதானே?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார் ஆராய்ச்சி டாக்டர்.

"ஒரே பானை, ஒரே ஒலை சார். நான் துன்றதத்தான் இதுவும் துன்னுது" என்று கணவர் முந்திக்கொண்டார்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். நான் சாப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. அவர் உண்டு படுத்த பிறகு அடுப்படியில் உட்கார்ந்து பழைய சோற்றையும் அவர் இல்லாதபோது வைத்த கருவாட்டுக் குழம்பின் மிச்சத்தையும் பச்சை மிளகாயோடு வழித்துப் போட்டுக்கொள்வேன். விடியும் முன்னால் நெஞ்சுக்குக் கீழே எரிந்துகொண்டு எழுப்பும். உடம்புச் சூடு என்று மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவேன். ஒரு வீட்டில் ஒரு வயிற்றுவலி போதாதா?

மூக்கு வழியே ரப்பர் குழாயை விட்டு இருவர் வயிற்று நீரையும் எடுத்தார்கள். சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி வெள்ளையாக எதையோ குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒருநாள் கூப்பிட்டு உட்காரவைத்தார் டாக்டர்.

"உங்க புண்ணு ஆறிடுச்சு. தழும்புதான் இருக்கு. பத்தியம் நல்லா இருந்திருக்கு" என்றார் கணவரிடம். அவர் முகம் மலர்ந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத்தாம்மா பெரிய புண்ணா இருக்கு. எத்தனை நாளா வலிக்குது?"

"சார், படம் மாறிப் பூட்டுருக்கும், நல்லா பாருங்க" என்றார் கணவர்.

படம் மாறவில்லை. நோயில்லாத ஆளுக்கே நோய் இருந்ததால் நாங்கள் ஆராய்ச்சிக்கு உதவமாட்டோம் என்றார் டாக்டர். என்னை உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொன்னார். பரீட்சை முடியட்டும் என்றேன். பரீட்சையாவது ஒன்றாவது, இவருக்கு யார் பொங்கிப் போடுவது என்பதுதான் என் கவலை.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டினோம். அவர் என் பக்கம் திரும்பி, "வலிச்சா சொல்றதுக்கு இன்னா?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எங்க சொல்றது? எடமே இல்லியே" என்றேன். அவருக்கு அது புரிந்ததா என்று இன்றுவரை தெரியாது.

பரீட்சைக்கு முன்பே வகுப்பில் ரத்த வாந்தி எடுத்து விழுந்தேன். காப்பித்தூளைக் கரைத்த மாதிரி இருந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டு ஓடின. அதே செங்கல்பட்டில் வயிற்றைக் கிழித்து, இரைப்பையில் பாதியை எடுத்துவிட்டார்கள்.

சோறு சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்ன அன்று கணவர் தூக்குச் சட்டியோடு வந்தார். அவரே பொங்கியது. குழைந்த சோறு, பால். அடிப்பிடித்த வாசனை. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

"அவ்ளோதானா?"

"எடம் இல்ல" என்றேன்.

அவர் சட்டியை எடுத்தார். பிறகு அதை மடியில் வைத்துக்கொண்டு, நான் கைவைத்த அதே சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தார். வார்டுப் பெண்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். பொண்டாட்டி எச்சிலைப் புருஷன் தின்று அவர்கள் பார்த்ததில்லை. நானும்தான். அடியில் தீய்ந்ததைக்கூட விடாமல் அவர் வழித்துத் தின்றார்.

நியாயமாக நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அழுகைதான் வந்தது. தையல் வலித்ததால் அதையும் சத்தமில்லாமல் அழ வேண்டியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே பானையில் சாப்பிட என் வயிற்றில் பாதி போக வேண்டியிருந்தது.