வேலியோரத்து வெள்ளைக்கல்

வட்டவளைப் பக்கம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்குப் பின்னால் ஒரு வெள்ளைப் பாறை இருக்கிறது. அதன் அடியில்தான் நான் காய்கறி போடும் நிலத்துண்டு. மண்வெட்டியைப் போட்ட இடமெல்லாம் சில்லுச் சில்லாக வெள்ளைக்கல். பொறுக்கிப் பொறுக்கி வேலியோரம் கொட்டியே என் இடுப்பு போனது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய காலத்தில்கூட இப்படி வலித்ததில்லை. அப்போது கத்தி தீட்ட ஒரு கறுப்புக் கல் வைத்திருந்தேன், எங்கே போனதோ. சரி, அது கிடக்கட்டும்.

போன மழைக்காலத் தொடக்கத்தில் கண்டியிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரு சிங்கள ஐயா, கூடவே தமிழ் பேசும் ஒரு பெண்பிள்ளை. பாறையைப் பார்த்தார்கள். வேலியோரக் குவியலைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது.

"தாத்தா, இரும்பே இல்லாத காலத்து ஆளுங்க இங்கதான் உக்காந்து கல்லு ஒடச்சி ஆயுதம் செஞ்சிருக்காங்க. கூரா வந்தத எடுத்துக்கிட்டு மிச்சத்த அப்படியே போட்டுட்டாங்க" என்றது பிள்ளை.

கவ்வாத்து முடிந்தால் நாங்கள் வெட்டிய மிலாறுக் குச்சிகளையாவது அடுப்புக்குத் தூக்கி வருவோம். அவர்கள் அதுகூடச் செய்யவில்லை. பொறுக்குகிற வேலை எனக்கு.

குவியலைச் சுற்றிக் கயிறு கட்டினார்கள். அது நான் கொட்டியது என்று சொல்ல வாயெடுத்தேன். மனைவி கையைப் பிடித்தாள்.

"சும்மா இருங்க. சொன்னா, கல்லு வந்த லீக்ஸ் பாத்தியத்தான் தோண்டுவாங்க."

அவள் சொன்னதும் சரிதான். சாணி சுமந்து திருத்திய மண். இன்னொரு துண்டைத் திருத்த உடம்பில் தெம்பில்லை.

தூறலில் முட்டி போட்டு, சின்னத் தூரிகையால் அந்தப் பிள்ளை என் குப்பையைத் துடைத்துக்கொண்டிருந்தது. பார்க்கப் பொறுக்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். சாயங்காலம் கூப்பிட்டார்கள். குவியலின் அடியிலிருந்து வந்த ஒரு பற்பசை மூடியை ஐயா விரலில் பிடித்திருந்தார். இங்கே கல்லைக் கொட்டியது யார் என்று சிங்களத்தில் கேட்டார்.

"நான்தாங்க. எல்லாம் பாத்தியில பொறுக்குனது."

பிள்ளை சேற்றிலேயே உட்கார்ந்து சிரித்தது. "காலையிலேயே சொல்லக்கூடாதா தாத்தா!"

"லீக்ஸ் இருக்கேம்மா."

ஐயா பாத்தியைச் சுற்றி நடந்து பார்த்தார். கீழ் மூலையில் ஒரு கட்டில் அளவு இடம் தோண்டினால் போதும் என்றார். மாட்டேன் என்று சொல்லவும் எனக்குச் சலிப்பாக இருந்தது.

மனைவி விரல் தடிப்புக்கூட வராத லீக்ஸ் தண்டுகளைப் பிடுங்கினாள். அதில் ஒரு கட்டு எடுத்துப் பிள்ளையின் கையில் வைத்தாள்.

"கொண்டு போம்மா. மேல் மண்ண மட்டும் தனியா வச்சி, திரும்ப மேலயே போடச் சொல்லு. இவரால இனி முடியாது."

கல்லையெல்லாம் எடுத்துக்கொண்டு, மண்ணைச் சொன்னபடியே போட்டார்கள். அந்த மூலையில் இப்போது மண்வெட்டி எதிலும் தட்டாமல் இறங்குகிறது. மீதித் துண்டு முழுக்க இன்னும் கல்தான்.