அட்டை உரித்த மாத்திரைகள்

நான் பேசும்போது சபை சிரித்தால் எனக்குப் பிடிக்கும். ஆனால் நான் சிரிக்க வைக்காத இடத்தில் யாராவது சிரித்தால்...? விடமாட்டேன். கல்லூரி நாட்களிலிருந்தே இந்தக் குணம். எதிரணியை மட்டுமல்ல, எதிரே அமர்ந்திருப்பவரையும் வென்றுவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவேன்.

போன புதன்கிழமையும் வென்றேன். அந்த வெற்றியை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனி. அங்கே சாப்பாட்டுக் கூடத்தில் பாதுகாப்பு வார நிறைவு விழா. 'பாதுகாப்பே முதன்மை' என்ற தலைப்பில் நான் சிறப்புரை. மேடையில் இருந்தவர்களுக்கெல்லாம் அதே தலைப்பை அச்சிட்ட பச்சை ரிப்பன் வைத்த பேட்ஜ் கொடுத்தார்கள். என்னுடையதில் 'சிறப்பு விருந்தினர்' என்று தங்க எழுத்து. பெருமையோடு துப்பட்டாவில் குத்திக்கொண்டேன்.

பன்னிரண்டே முக்காலுக்குத் தொடங்கி ஒரு மணிக்கு முடித்துவிட வேண்டும். அதன்பிறகு தொழிலாளர்கள் சாப்பிடப் போவார்கள் - இதுதான் ஏற்பாடு. ஒன்றரை மணிக்கும் நான் பேசிக்கொண்டிருந்தேன். கைதட்டல் கேட்டால் கடிகாரம் கண்ணில் படாது. பேச்சாளர்களுக்கு வரும் நாள்பட்ட நோய் அது.

மூன்றாவது வரிசையில் ஓர் அக்கா. நாற்பத்தைந்து வயது இருக்கும். முகமெல்லாம் வியர்வை. கண் சொருகுகிறது. திடீரென்று தனக்குத்தானே ஏதோ முணுமுணுத்துச் சிரிக்கிறார். நானோ ஒரு தீ விபத்தை உருக்கமாக விவரித்துக்கொண்டிருக்கிறேன்!

"அங்கே ஓர் அக்கா தூங்கிக்கொண்டே சிரிக்கிறார்கள். கனவில் போனஸ் வந்துவிட்டது போலிருக்கிறது!" என்றேன்.

சாப்பாட்டுக் கூடமே அதிர்ந்தது. அந்த அக்கா மட்டும் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண்ணின் தோளில் சாய்ந்து, மெல்லச் சரிந்து தரையில் விழுந்தார்.

"தூங்கல மேடம்! தூங்கல!" என்று அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கத்தினாள். பிங்கி என்று பெயர். ஜார்க்கண்டிலிருந்து வேலைக்கு வந்தவள். "சுகர் கம்மி ஆயிடுச்சு! சீனி குடு, ஜல்தி!"

அவளுடைய அப்பாவுக்கும் சர்க்கரை நோய். இந்த வியர்வையையும் இந்தச் சிரிப்பையும் ஊரில் பார்த்திருக்கிறாள். கேன்டீன்காரர் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையைக் கொட்டிக் கலக்கிக்கொண்டு ஓடிவந்தார். அக்காவுக்கு நினைவு முழுதாகத் தப்பியிருக்கவில்லை. விழுங்க முடிந்தது. பிழைத்தார்.

பாதுகாப்பைப் பற்றி முக்கால் மணி நேரம் முழங்கிய நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அக்காவின் பெயர் எஸ்தர். தைத்து வரும் துணியில் பழுது இருக்கிறதா என்று பார்க்கும் செக்கிங் பிரிவில் வேலை. பல்லடம் பக்கத்திலிருந்து கம்பெனி பஸ்ஸில் வந்து போகிறவர். அவரை மருத்துவமனைக்குக் கொண்டு போன வேனில் பிங்கியும் ஹெச்.ஆர். மேனேஜரும் ஏறினார்கள். நானும் ஏறினேன். குற்றவாளிக்கு வேறு எங்கே இடம்?

"என்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

பிங்கி ஒரு சின்ன பிளாஸ்டிக் கவரை நீட்டினாள். நீங்கள் பார்த்திருப்பீர்கள் - புதுச் சட்டை வாங்கினால் லேபிளோடு ஒரு குட்டி ஜிப் கவரில் உபரி பட்டன் ஒன்று தொங்குமே, அந்தக் கவர். உள்ளே பட்டன் இல்லை. மாத்திரைகள். எல்லாம் வெள்ளை. எல்லாம் வட்டம். ஒன்றிலும் பெயர் இல்லை.

டாக்டரம்மா உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். "அட்டை எங்க? இதுல எது சுகர், எது பிரஷர்?"

எஸ்தர் அக்காவுக்கு அதற்குள் தெளிவு வந்திருந்தது. "பெருசு பிரஷருங்க டாக்டரம்மா. அதைய விடக் கொஞ்சூண்டு சின்னது சக்கரைங்க."

"கொஞ்சூண்டுன்னா எவ்வளவும்மா?"

"வெளிச்சத்துல பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத் தெரியுமுங்க."

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். இருக்க வேண்டியதைவிடச் சின்னது ஒன்று குறைந்தது. பெரியது ஒன்று கூடியிருந்தது. நடந்தது விளங்கிவிட்டது. கம்பெனிக்கு வந்ததும் காலைச் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை மாத்திரை, பதினோரு மணி டீயோடு பிரஷர் மாத்திரை - இது அக்காவின் பல வருடப் பழக்கம். அன்று விழாவுக்காக டீ நேரத்தைக் குறைத்துவிட்டார்கள். அவசரத்தில் கவருக்குள் விரலை விட்டு ஒன்றை எடுத்து விழுங்கியிருக்கிறார். மறுபடியும் சர்க்கரை மாத்திரை! அதற்கு மேல் மதியச் சாப்பாடு வயிற்றுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டது என் சொற்பொழிவு.

"இந்த மாத்திரைக்கு சுகர் திரும்பவும் இறங்கலாம். நாளைக்கு வரைக்கும் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார் டாக்டரம்மா.

எனக்கு அறிவுரை சொல்லும் ஆசை வந்தது. வராமல் இருக்குமா? "ஏனுங்க அக்கா, அட்டையோடயே கொண்டு வந்திருக்கலாமில்லீங்க?"

அவர் சிரித்தார். இந்த முறை தெளிவாகவே சிரித்தார். "அட்டையோட போனா உள்ள உடமாட்டாங்க அம்முணி."

வாசகர்களே, இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்தது.

ஏற்றுமதிக் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால் அது பெரிய சம்பவம். மெஷினை நிறுத்த வேண்டும். உடைந்த துண்டுகள் அத்தனையையும் தேடிப் பிடித்து ரெஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். முனை கிடைக்கும் வரை புது ஊசி கிடையாது. அதற்குப் பிறகும், பெட்டிக்குப் போகும் முன்பு ஒவ்வொரு துணியும் நீடில் டிடெக்டர் என்னும் இயந்திரத்துக்குள் போய் வர வேண்டும். இதை நான் குறை சொல்லவில்லை. எங்கோ ஒரு தேசத்தில் ஒரு குழந்தையின் தோலில் நம் ஊர் ஊசி குத்திவிடக் கூடாது. அந்த அக்கறைக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்வேன்.

ஆனால் அந்த அக்கறை என்னவாகிப் போயிருக்கிறது தெரியுமா? உள்ளே உலோகம் கூடாது. ஹேர்பின் கூடாது. சரி. மாத்திரை அட்டையும் கூடாதாம்! அதன் பின்பக்கம் பளபளவென்று இருக்கிறதே... அது அலுமினியம், அலுமினியம் உலோகம், உலோகம் என்றால் டிடெக்டர் கத்தும். தர்க்கம் முடிந்தது. வாசலில் செக்யூரிட்டி பையைத் துழாவி அட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவார். பையை வைக்கும் லாக்கர் கேட் அருகே இருக்கிறது. பத்து நிமிட டீ இடைவேளையில் அவ்வளவு தூரம் போய்வர முடியாது.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்ததும் எஸ்தர் அக்காவுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆறு நாளுக்கான மாத்திரைகளை அட்டையிலிருந்து உரித்து, பட்டன் கவரில் போட்டு வைப்பது.

"அக்கா மட்டும் இல்ல மேடம்" என்றாள் பிங்கி. "எங்க லைன்ல நெறய பேர். பி.பி., தைராய்டு, சுகர். எல்லாம் ஒயிட்டு. எல்லாம் பட்டன் கவர்."

மாத்திரையின் பெயர் எங்கே இருக்கிறது? அட்டையில். எவ்வளவு வீரியம்? அட்டையில். எந்த மாதத்தோடு காலாவதி? அட்டையில். அந்த அட்டையை உரித்து எறியச் சொல்கிற அதே கட்டடத்தில் ஒரு குழந்தைச் சட்டைக்கு இருக்கும் ஜாதகத்தைப் பாருங்கள். எந்தத் துணி உருளையிலிருந்து வெட்டியது, சட்டைக் கையை இணைத்தது யார், கழுத்துப் பட்டி தைத்தது யார், செக் செய்தது யார் - எல்லாம் துணிக்கட்டோடு போகும் பண்டல் சீட்டில் இருக்கும். உடம்புக்கு மேல் உடுத்துவதற்கு இத்தனை அடையாளம். உடம்புக்குள் போவதற்குப் பெயர்கூடக் கிடையாதா?

மருந்துப் பாதுகாப்பு பற்றி உலகெங்கும் ஆராய்கிறார்கள். தவறான மருந்து, தவறான அளவு, தவறான நேரம்... டாக்டரின் கையெழுத்தில் பிழை தேடுகிறார்கள், நர்ஸின் வேலைப்பளுவில் தேடுகிறார்கள். தேடட்டும், அவசியம்தான். அவர்களில் ஒருவராவது எங்கள் ஊர்ச் செக்கிங் டேபிளுக்கு வந்து இந்தப் பட்டன் கவரைப் பார்த்தது உண்டா? அரசாங்கமே சுகாதாரப் பணியாளரை அனுப்பி எஸ்தர் அக்காவின் வீட்டு வாசலில் மாத்திரையைக் கொடுக்கிறது. அவ்வளவு தூரம் பத்திரமாக வந்த மருந்து, கம்பெனி வாசலில் தன் பெயரை இழக்கிறது.

இதையெல்லாம் மனத்துக்குள் உரையாக அடுக்கிக்கொண்டிருந்தபோது ஹெச்.ஆர். மேனேஜர் என்னை ஓரமாக அழைத்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவே மாட்டார். "மேடம், இந்த மாதிரி ஹெல்த் இஷ்யூ இருக்கறவங்கள ஃப்ளோர்ல வச்சுக்கறது ரிஸ்க். வீட்ல ரெஸ்ட் எடுக்கச் சொல்லிடலாம்னு பார்க்கறோம்."

திரைக்கு அந்தப் பக்கம்தான் கட்டில். எஸ்தர் அக்கா கேட்டுவிட்டார். நான் திரும்பிப் போனதும் என் கையைப் பிடித்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"அம்முணி... என்னைய ஊட்டுக்கு அனுப்பீருவாங்களா? பத்தொம்பது வருசமா அதே டேபிளுங்க. எனக்கு வேற ஒண்ணுந் தெரியாதுங்க."

தப்பு யாருடையது? தண்டனை யாருக்கு?

சனிக்கிழமை கம்பெனிக்குப் போனேன். எஸ்தர் அக்காவும் வந்திருந்தார், கையில் புது மாத்திரை அட்டையோடு. மேனேஜர் அறையில் பத்து நிமிடம் பேசினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. உழைப்பவரின் உரிமை, மனித உயிரின் மாண்பு, பண்டல் சீட்டு, பட்டன் கவர் - ஒன்றையும் விடவில்லை.

"சூப்பரா பேசறீங்க மேடம்" என்றார் மேனேஜர். "ஆனா டிடெக்டர் அடிக்குமே?"

இயந்திரத்தின் முன்னால் என் வாதம் எடுபடாது.

ஊசி ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்க வந்து, கதவோரம் காத்திருந்தார் மெக்கானிக் நாச்சிமுத்து அண்ணன். டிடெக்டரும் அவர் பொறுப்புதான். தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அடிக்காதுங்க சார்."

"என்னங்க அடிக்காது?"

"மாத்திரை அட்டைக்கு அது அடிக்காதுங்க. இரும்புக்குத்தானுங்க கத்தும். பித்தளை பட்டன் வெச்ச துணியெல்லாம் அதுலதானுங்க தெனமும் போகுது."

மேனேஜர் அவர் பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"யாருங்க கேட்டீங்க?"

பேக்கிங் அறைக்குப் போனோம். நாச்சிமுத்து அண்ணன் முதலில் சோதனை அட்டையை விட்டார். அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு இரும்புத் துளி ஒன்று பதித்திருக்கிறது. டிடெக்டர் அலறியது, பெல்ட் நின்றது. "மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. பார்த்துக்கங்க சார்." பிறகு எஸ்தர் அக்காவின் மாத்திரை அட்டையை வாங்கி பெல்ட்டின் மேல் வைத்தார்.

அட்டை நகர்ந்தது. இயந்திரத்துக்குள் போனது. அந்தப் பக்கம் வந்தது.

சத்தமே இல்லை.

இன்னொரு தடவை. சத்தமில்லை. மேனேஜர் தானே எடுத்துப் புரட்டி வைத்துப் பார்த்தார். சத்தமில்லை. அப்படியென்றால் இந்த விதியைப் போட்டவர் யார்? ஃபைலைக் கொண்டுவரச் சொன்னார். ஊசி இருந்தது, பிளேடு இருந்தது, ஸ்டேப்ளர் பின் இருந்தது. மாத்திரை அட்டை என்ற சொல்லே இல்லை. முன்பு இருந்த யாரோ சொன்னார்களாம். எல்லோரும் கடைப்பிடித்தார்களாம். ஓர் அக்கா சரிந்து விழுந்த பிறகுதான் ஒருவர் அதைச் சோதித்துப் பார்க்கிறார்!

மேனேஜர் ஃபைலை மூடினார். எஸ்தர் அக்கா திங்கட்கிழமை வேலைக்கு வரலாம், அதே டேபிள், அட்டையோடு வரலாம் என்றார். மற்றவர்கள்? "டாக்டர் சீட்டோட லெட்டர் கொடுக்கட்டும் மேடம், பார்த்துச் செய்யறோம்." இயந்திரத்துக்கே ஆட்சேபணை இல்லாத பொருளுக்கு எதற்கு ஐயா மனு? இதையும் கேட்டேன். சிரித்தார். அந்த மனுக்களை நானே எழுதிக் கொடுக்கப் போகிறேன். பிங்கியின் லைனிலிருந்து தொடக்கம்.

கிளம்பும்போது எஸ்தர் அக்கா என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். புதன்கிழமை துப்பட்டாவில் இருந்த பச்சை பேட்ஜை இப்போது அதில் குத்தியிருந்தேன். விட மனமில்லை. சிறப்பு விருந்தினர் அல்லவா? வாசலில் செக்யூரிட்டி சல்யூட் அடித்து உள்ளே விட்டிருந்தார்.

"அம்முணி, தப்பா நெனைக்காதீங்க... அதுல ஊக்கு இருக்குதுங்களே?"

நாச்சிமுத்து அண்ணன் கையை நீட்டினார். கழற்றிக் கொடுத்தேன். பெல்ட்டில் வைத்தார்.

அறையே அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. எஸ்தர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நாச்சிமுத்து அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. விதிப்படி என் பேட்ஜை, டிடெக்டரில் சிக்கியதைப் போடும் சிவப்புப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டி, ரெஜிஸ்டரில் எழுதி, மேனேஜரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

மாத்திரை அட்டை எஸ்தர் அக்காவின் பையில் இருக்கிறது. 'பாதுகாப்பே முதன்மை' பூட்டுக்குள் இருக்கிறது!