ஐயாவுக்குக் குறைத்த உருண்டைகள்

இலங்கையில் சாதாரண தரம் வரை படித்தவள் நான். கடிதம்கூட அதிகம் எழுதியதில்லை. படித்தவர்கள் எழுதும் இடத்தில் நானும் எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒஸ்லோவில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். சத்திரசிகிச்சை முடிந்தவர்களை உடம்பு தேறும்வரை அங்கே வைத்திருப்பார்கள். அப்படி வந்தவர்தான் ஐயா. தமிழ்நாட்டுக்காரர். பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கில் மகனோடு இருந்தவர், விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அங்கே கொடுக்கும் ரொட்டியும் மீனும் அவருக்கு இறங்கவில்லை. எடை ஏறினால்தான் வீட்டுக்கு விடலாம் என்று தாதி சொல்லிவிட்டார்.

என்ன வேண்டும் என்று கேட்டேன். பால் கொழுக்கட்டை என்றார். எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் ஆடிக்கூழ்தான். அரிசி மாவை உருட்டிப் போட்டு, தேங்காய்ப்பாலும் பனங்கட்டியும் விட்டு, வழக்கம்போல மிளகுத்தூளும் தூவிக் கொண்டுபோனேன். ஒரு கரண்டி வாயில் வைத்தவர் சிரித்தார்.

“நல்லாருக்கும்மா. ஆனா இது கூழு. மிளகு என்ன, சாப்பிடாததுக்குத் தண்டனையா?”

அடுத்த தடவை பசும்பாலில் செய்தேன். கொதிக்கும்போதே வெல்லத்தைப் போட்டதால் பால் திரிந்துவிட்டது. பிறகு அடுப்பை அணைத்து, சூடு தணிந்தபின் வெல்லப்பாகை விடப் பழகினேன். சத்துணவு பார்ப்பவர் என்னென்ன சேர்க்கிறேன் என்று கேட்டார். அரிசியும் பாலும் இவருக்குப் பலம் தரும் என்று சொல்லி, தினமும் பிற்பகலில் கொடுக்கும்படி எழுதிவைத்தார்.

ஐயா ஒவ்வொரு நாளும் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார். எனக்குக் கூச்சம். வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். நகரத்தின் ஓரத்தில், எல்லிங்ஸ்ருட்டில் தனியாக இருக்கிறேன். ஒரு நாளில் நான் தமிழ் பேசுவது அந்த ஐந்து நிமிடம் மட்டும்தான்.

அவருடைய முகத்தில் சதை பிடிக்கத் தொடங்கியது. எடை இன்னும் கொஞ்சம் ஏறினால் வீட்டுக்குப் போய்விடுவார் என்று விளங்கியது. அன்றைக்கு உருண்டைகளைக் குறைத்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அவர்தான் கேட்டார்.

“இன்னைக்கு உருண்டை கம்மியா இருக்கே. மாவு தீந்துடுச்சா?”

“ஓம் ஐயா.”

அவர் நம்பினார். பாலையும் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினார். வீட்டுக்குப் போயும் எனக்குச் சாப்பிட மனம் வரவில்லை.

அடுத்த நாள் கோப்பை நிறையக் கொண்டுபோனேன். அவர் சொல்லுமுன்னரே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“என்னம்மா, வேலை இல்லையா?”

“கிடக்கு ஐயா. கிடக்கட்டும்.”

அவர் மெதுவாகச் சாப்பிட்டார். முடியும்வரை இருந்தேன்.

மறுநாள் எடை பார்த்தார்கள். போதுமாக இருந்தது. மகன் வந்து கூட்டிப்போனார். நான் அப்போது பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.