பத்தரை முதல் பன்னெண்டு வரை

எழிலன் அண்ணன் கல்யாணமே ராகு காலத்துலதான் நடந்துச்சு. வீடு குடிபோனது எமகண்டத்துல. மஞ்சக்குப்பத்துலேர்ந்து தினம் பஸ் புடிச்சு சிதம்பரம் வந்து, எங்க ஆபீஸ்ல ஒன்பது வருஷமா காலேஜுங்களுக்கு சாப்ட்வேர் எழுதுறாரு. பக்கத்து சீட்டு எனக்கு. என் கழுத்துல கிடக்குற சிலுவையைப் பாத்து, சாமியே இல்லன்னு மாசம் ஒரு பிரசங்கம் உண்டு.

இந்த வருஷம் டெர்மினலுக்குள்ள ஏஐ வந்துச்சு. அந்தக் கருப்புத் திரையில வேலையைச் சொன்னா போதும், கமாண்டை அதுவே எழுதி, "ஓட்டலாமா?"ன்னு கேக்கும். சரின்னா y, வேணாம்னா n. பழைய பதிவையெல்லாம் படிச்சு, நம்ம பழக்கவழக்கத்தையும் குறிச்சு வச்சுக்கும். மாமியார் தோத்தாங்க போங்க!

போன வெள்ளிக்கிழமை ஒரு காலேஜோட வெப்சைட்ல ஹால் டிக்கெட் எடுக்குற பக்கம் படுத்துடுச்சு. பதினொன்றரைக்குப் பரீட்சை, பதினொன்னே காலுக்கு கேட்டை மூடிடுவாங்க. அண்ணன் மக கனிமொழியும் அங்கதான் டிக்கெட் இல்லாம நின்னா. பத்து அம்பதுக்கெல்லாம் அண்ணன் கோளாறைச் சரி பண்ணிட்டாரு. சர்வர்ல ஏத்த வேண்டியதுதான் பாக்கி. ஏஐகிட்ட ஏத்தச் சொன்னாரு.

மெஷின் கேட்டுச்சு: "ஒன்பது வருடப் பதிவில், வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை நீங்கள் எதையுமே ஏற்றியதில்லை. இப்போது ஏற்றலாமா?"

நான் திரையைப் பாத்தேன். அப்புறம் அவரைப் பாத்தேன்.

"அது டீ குடிக்கிற டைம்மா" ன்னாரு.

"ஒன்றரை மணி நேரமாண்ணே?"

அவரு விரல் y மேலயே நிக்குது, எறங்கல. போன் அடிச்சுது. "அப்பா, கேட்டாண்ட நிக்கிறேன்ப்பா" ன்னா கனிமொழி, அழுவுற கொரல்ல.

"இதோ கண்ணு" ன்னு வச்சாரு. அப்பவும் விரல் எறங்கல.

"கல்யாணத்துக்குக்கூட பயப்படல ரெபேக்கா. புள்ள விஷயம், பயமா இருக்கு."

சிரிக்கலாம்னுதான் இருந்தேன். கோவந்தான் வந்துச்சு. "அண்ணே, ராகு பன்னெண்டு வரைக்கும் இருப்பாரு. அதுவரைக்கும் வாட்ச்மேன் கேட்டைத் தொறந்து வச்சிருக்க மாட்டாரு. அமுக்குங்க!"

கண்ணை இறுக்க மூடிக்கிட்டு அமுக்குனாரு.

பதினொன்னு எட்டுக்கு மெசேஜ் வந்துச்சு: "உள்ள போயிட்டேன்ப்பா." அண்ணன் கர்ச்சீப்பால மூஞ்சியை ரெண்டு தரம் தொடச்சாரு.

மெஷின் விடல. "உங்கள் வழக்கம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை பற்றிய அந்தக் குறிப்பை நீக்கிவிடலாமா?"

அண்ணன் என்னைப் பாக்காம n அமுக்குனாரு.

"புள்ளைக்கு இன்னும் நாலு பேப்பர் இருக்கும்மா" ன்னாரு.