கூரைப் பட்டைக்கு அடியில் பூரான்

வேலைக்காகப் போர்ட் பிளேர் வந்து, தெருவெல்லாம் இந்தி பேசும் லம்பா லைன் பகுதியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவன் நான். வீட்டுக்குள் இந்தி கலக்காமல் பேச வேண்டும் என்று அவளுக்குச் சட்டம் போட்டிருந்தேன். நாலு புத்தகம் படித்த கொழுப்பு.

போன மழைக்காலத்தில், எங்கள் பழைய அம்பாசடருக்குப் புது வர்ணம் அடிப்பதற்காக, கூரை ஓரத்துக் குரோம் பட்டையைக் கழற்றினேன். வளைந்தால் வேறு பட்டை மெயின்லேண்டிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு நெம்பினேன். பட்டை கையோடு வந்தது. அடியில் குடியிருந்த ஒரு சாண் பூரானும் வந்து என் மணிக்கட்டில் ஏறியது.

"ஹிலோ மத்," என்றாள் பக்கத்தில் காரைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி.

அசையாதே என்று அர்த்தம். எனக்கும் தெரியும். ஆனால் அவள் இந்தி பேசினால் புரியாதவன்போல் கேட்டுக் கேட்டுப் பழகிய நாக்கு, தானாக "என்ன?" என்றது.

"அதாங்க... இருங்க, அதுக்கு உங்க தமிழ்ல என்ன சொல்லணும்?"

அவள் சொல்லைத் தேடுவதற்குள் பூரான் முழங்கையைத் தாண்டிவிட்டது. அதன் ஒவ்வொரு காலையும் தனித்தனியாக உணர்ந்தேன்.

"ஆடாதீங்க," என்றாள் கடைசியில். அது சட்டைக் கைக்குள் தலையை நீட்டியபோது, துடைக்கும் துணியால் ஒரே வீச்சில் தட்டிவிட்டாள்.

என் விரல்கள் மட்டும் பட்டையை விடவில்லை. "சோடோ ஜி, சோடோ," என்று விடச் சொல்லி ஒவ்வொன்றாகப் பிரித்தாள். எங்காவது கடித்திருக்கிறதா என்று என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

இந்த முறை நான் அர்த்தம் கேட்கவில்லை. எனக்காகப் பயந்தபோது அவள் வாயில் வந்த மொழி அது. அதைத்தான் இத்தனை வருடம் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.