எல்லோரும் திட்டிய விளையாட்டு

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டு வந்த வாரத்தில்தான் மழையும் பிடித்துக்கொண்டது. இரண்டையும் என்னால் இப்போதும் தனித்தனியாக நினைக்க முடிவதில்லை.

அதைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டபோது நான் பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், காசு கொடுத்து போனும் இணையமும் பார்க்கிற ஒரு கம்யூனிகேஷன் கடை. அண்ணனும் நானும் ஒரே நாற்காலியில் ஆளுக்குப் பாதியாக உட்கார்ந்து அதன் முன்னோட்டத்தைப் பார்த்தோம். ஒரு கையை இழந்த சுரங்கத் தொழிலாளி, அந்த இடத்தில் இரும்புக் கையைப் பொருத்திக்கொண்டு, தன் ஊரைப் பிடித்துவைத்திருக்கும் கூலிப்படையை அடித்துத் துரத்துகிறான். அவ்வளவுதான் கதை. அண்ணன் அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டான்.

"அடுத்த வருஷம் வருதாம்டி," என்றான்.

அடுத்த வருஷம் வரவில்லை. அதற்கடுத்த வருஷமும் வரவில்லை. கம்பனி கைமாறிவிட்டது என்றார்கள். செய்ததையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்கிறார்கள் என்றார்கள். நான் உயர்தரம் எழுதி முடித்து, ஹட்டனில் போட்டோ கொப்பி அடிக்கிற கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். அண்ணன் டுபாய்க்கு டிரைவராகப் போனான். முதல் லீவில் வந்தபோது கொழும்பிலிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு மஸ்கெலியாவுக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து வீடு வரை வந்து சேர்ந்தான். "அது வந்தா இதுல ஓடும். நீ வெளையாடு, நான் போன்ல பாத்துக்குறேன்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடைசியில் வந்தேவிட்டது. வந்த அன்றே எல்லோரும் திட்டத் தொடங்கினார்கள். இத்தனை வருஷம் காத்திருந்தது இதற்கா என்று கேட்டார்கள். நாயகன் மூட்டை தூக்குகிறவன் மாதிரி நடக்கிறான், எதிரிகள் எல்லோருக்கும் ஒரே முகம், கதையில் ஒன்றுமே இல்லை. சென்னையிலிருந்து காணொளி போடுகிற ஒருவர், தலையில் கை வைத்து அழுவதுபோல நடித்துக் காட்டினார். அண்ணன் டுபாயிலிருந்தே எனக்கு வாங்கித் தந்திருந்தான். நான் வேலை செய்த கடையின் இணையத்தில் இறக்கி, டிஸ்க்கில் ஏற்றி, பையில் பொத்திக்கொண்டு வீட்டுக்கு வரும்போது எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. ஒருவேளை அவர்கள் சொல்வது சரியாக இருந்துவிட்டால்?

எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர்கள் திட்டிய அந்தக் கனம்தான் பிடித்தது. மற்ற விளையாட்டுகளில் நாயகர்கள் பஞ்சுபோலத் தாவுவார்கள். இவனுக்குக் குதித்தால் மூச்சு வாங்கியது. சேற்றில் கால் புதைந்தது. இரும்புக் கையை வீசினால் அது போய்ச் சேரச் சற்று நேரமெடுத்தது, சேர்ந்த இடத்தில் சுவரே பிளந்தது. ஏணியில் ஏறும்போது நல்ல கையால் மட்டும் பிடித்து ஏறுவான். இரும்புக் கை பக்கவாட்டில் சும்மா தொங்கும், ஒவ்வொரு படியிலும் லேசாக இடித்துக்கொள்ளும். யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்து அதைச் செய்திருக்கிறார். அந்த ஏணிக்காகவே நான் தேவையில்லாத இடங்களிலும் ஏறி இறங்கினேன்.

அந்தச் சுரங்க நகரத்தில் அடிக்கடி நிலம் இடியும். இடிவதற்கு முன்னால் ஓர் உறுமல் கேட்கும், காதால் கேட்பதைவிட வயிற்றால் கேட்பதுபோல. சிலவேளை இடிபாடு எதுவும் இல்லாமலேயே அது வந்துபோகும். அதையும் ஒரு பிழை என்று திட்டினார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்துக் காம்பராவில் அந்த உறுமல் வந்தால் தகரக் கூரை சிணுங்கும்.

தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்து, இருமலோடு ஓய்வுபெற்றிருந்த அப்பா, போர்வையைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்து பார்ப்பார். "பாவம் இவன். யாராச்சும் ஒரு பிளேன்டீ குடுக்கக்கூடாதா?" என்பார்.

மழை விடவில்லை. ஹட்டன் ரோட்டில் ஒரு வளைவு சரிந்து பஸ் நின்றது. கடையை மூடிவிட்டார்கள். அம்மாவுக்கும் மலையில் கொழுந்து பறிக்கிற வேலை இல்லை. கரண்டு வருவதும் போவதுமாக இருந்தது. அது வருகிற நேரமெல்லாம் நான் கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தேன். வெளியில் சொல்லாவிட்டாலும் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

முதலில் சமையலறைக் கதவு மூட மறுத்தது. மழைக்கு மரம் ஊதிவிட்டது என்றார் அப்பா. பிறகு, தண்ணீர் பிடிக்க மலையூற்றுப் பீலிக்குப் போன அம்மா, வாளியை அரைகுறையாக நிரப்பிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"தண்ணி செவந்து வருதுங்க."

"மழைக்குச் செவக்கத்தான் செய்யும்."

"வண்டல் மாதிரி இல்லங்க. உள்ளருந்து வர்ற மண்ணு மாதிரி இருக்கு."

அடுப்புக்குப் பின்னால் சிமெந்துத் தரையில் மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. அம்மா கோதுமை மாவைக் குழைத்து அதன்மேல் பூசினாள். மறுநாள் காலையில் மாவும் வெடித்திருந்தது. போனில் எச்சரிக்கைச் செய்திகள் வந்தன. எல்லா மழைக்கும் வருவதுதானே என்று அப்பா சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன். லயத்துக்கு மேலே தேயிலை, அதற்கும் மேலே சவுக்கு மரங்கள். நான் பிறந்ததிலிருந்து அந்த மேடு அப்படியேதான் நின்றது.

அன்று மத்தியானம் கரண்டு வந்தது. நான் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். திரை மெதுவாக வெளிச்சமாகிக்கொண்டிருந்தது.

அம்மா அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். "புள்ள, அந்தச் சத்தத்தக் கொஞ்சம் கொற. நெஞ்செல்லாம் அதிருது."

"அம்மா, நான் இன்னும் வெளையாட்டப் போடவே இல்ல."

அப்பா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். மூன்று பேரும் அசையாமல் இருந்தோம். மழைச் சத்தம் தனியாகக் கேட்டது. அதற்கு அடியில் இது வேறாகக் கேட்டது. நிற்கவில்லை. நான் ஸ்பீக்கரின் வயரைப் பிடுங்கினேன். அப்போதும் நிற்கவில்லை.

அம்மா ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். "எந்திரிங்க," என்றாள் அப்பாவிடம்.

"எங்க போறது?"

"எங்கயாச்சும். எந்திரிங்கன்னா எந்திரிங்க."

கொழுந்து பறிக்கும்போது மட்டம் பார்க்கிற மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு காம்பராக்களின் முன்னால் நீளும் இஸ்தோப்பு வழியே போய் ஒவ்வொரு கதவையும் அடித்தாள். நானும் மறுபக்கம் ஓடினேன். "சோறு எறக்கிட்டு வர்றேன் அக்கா," என்ற ஒருத்தியிடம், "சோறு கெடக்கட்டும், பிள்ளையத் தூக்கு," என்று அம்மா கத்தினாள். கடைசிக் காம்பராவில் மாடு வளர்க்கிற மாமா ஒருவர் தனியாக இருந்தார். அவரை நான்தான் கூப்பிட்டேன். வெளியே வந்து மேட்டை ஒருமுறை பார்த்தார்.

"நீங்க போங்கம்மா. மாட்ட அவுத்து விட்டுட்டு வந்துர்றேன்."

ஓடைக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். பாலத்தைத் தாண்டி, அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு ஏறும்போது யாரோ "ஐயோ" என்றார்கள். திரும்பிப் பார்த்தேன். சவுக்கு மரங்கள் நின்றபடியே கீழே நடந்து வந்தன. ஒன்றுகூட முதலில் சாயவில்லை. அவற்றின் காலடியில் தேயிலை மடிந்து மடிந்து சுருண்டது. லயத்தின் கடைசிப் பக்கம் இருந்த இடத்தில் மண் இருந்தது. பிறகுதான் சத்தம் வந்து சேர்ந்ததுபோல எனக்கு நினைவு. அது எப்படி இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சற்றுநேரத்தில் பாலத்தின் மேல் அந்த மாடு வந்தது. கழுத்துக் கயிறு தரையில் இழுபட்டு வந்தது. அதற்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டே நின்றோம். யாரும் வரவில்லை. மழை விட்டபிறகுதான் அவரை மண்ணுக்குள்ளிருந்து எடுக்க முடிந்தது.

பள்ளிக்கூட மண்டபத்தில் பாய்போட்டுப் படுத்திருந்தோம். போன் டவர் திரும்ப வேலை செய்யத் தொடங்கிய அன்று அண்ணன் கூப்பிட்டான். அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசி அழுது முடித்தபின் என்னிடம் போன் வந்தது. அவன் திடீரென்று கேட்டான்.

"வெளையாட்டு எப்படிடி இருந்துச்சு?"

அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது? ஆனால் அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்ததுபோல இருந்தது.

"நல்லா இருக்குண்ணே."

"எல்லாரும் குப்பைங்குறாங்களே."

"சொல்றவங்க சொல்லட்டும்ணே." அந்த ஏணியைப் பற்றிச் சொன்னேன். இரும்புக் கை இடித்துக்கொள்வதைச் சொன்னேன். அவன் சிரித்தான், சிரிப்பு பாதியில் உடைந்தது.

அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். இடியாமல் நின்ற காம்பராக்களின் சுவரில் சிவப்புப் பெயின்டால் ஒரு குறி போட்டார்கள். அங்கே இருக்கக்கூடாது, வேறு இடத்தில் காணி தருகிறோம் என்றார்கள். காணி இன்னும் வரவில்லை. பள்ளிக்கூடத்தைத் திறக்க வேண்டியிருந்தது. எங்கே போவது? சிவப்புக் குறிக்குள்ளேயே திரும்பி வந்து குடியிருக்கிறோம். எங்கள் பக்கத்தில் ஒரு பலகைகூட அசையவில்லை. கம்ப்யூட்டர், நான் விட்டுப்போன இடத்திலேயே உட்கார்ந்திருந்தது.

விளையாட்டை முடித்துவிட்டேன். கடைசியில் அவன் ஊரை மீட்டபின் சுரங்க வாசலில் தனியாக உட்கார்ந்திருக்கிறான். இசை இல்லை, யாரும் வந்து கை தட்டுவதில்லை. காசும் நேரமும் போதாமல் அவசரமாக முடித்துவிட்டார்கள் என்று அதையும் திட்டினார்கள். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. இப்போது இரண்டாம் தடவை விளையாடுகிறேன்.

அம்மா இடையிடையே, "கொஞ்சம் நிப்பாட்டு புள்ள," என்பாள். நான் நிறுத்துவேன். அப்பாவும் இருமலை அடக்கிக்கொள்வார். மூன்று பேரும் காதைக் கொடுத்து உட்கார்ந்திருப்போம். சில நாள் "ம், வெளையாடு" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். சில நாள் வெளியே போய், இஸ்தோப்பில் நின்று மேட்டைப் பார்ப்பாள்.

இன்று காலையிலிருந்து மஸ்கெலியாப் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. அடையாள அட்டைகளையும் மாற்றுத் துணிகளையும் ஒரு பையில் கட்டி, அம்மா வாசலில் வைத்திருக்கிறாள்.