ஐந்தாவது வரி

என் மருமகள் நாற்பது மடிப்புத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கத்தரி எங்கேயும் நிற்காமல் ஒரே மூச்சில் வெட்டுவாள் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். நாற்பது கொஞ்சம் கூடுதல்தான், ஒப்புக்கொள்கிறேன். பன்னிரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொய்க்கும் ஓர் அளவு வேண்டாமா?

மருத்துவமனைகளுக்கு மேலங்கி தைக்கும் ஒரு கூடத்தில் அவள் கட்டிங் மாஸ்டர். இவள் வெட்டிக் கொடுத்தால்தான் அங்கே முப்பது மிஷின் ஓடும். பத்தொன்பது வருடமாக நின்றபடியே வேலை. அவள் கத்தரி கோட்டை விட்டு நூலளவும் விலகாது. வாயும் அப்படித்தான், வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

ஜனவரி முதல் தேதி, அளவு வரையும் பழுப்புத் தாளில் மிச்சமான துண்டை எடுத்து, அந்த வருடம் செய்ய வேண்டியதையெல்லாம் நீலப் பென்சிலால் எழுதிச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டுவாள். இந்த வருடம் முதல் வரி தினமும் அரை மணி நடை. அடுத்தது சைக்கிள். பிறகு, மகளைத் திட்டாமல் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. நான்காவது வரியை நானே கண்ணாடி போட்டு இரண்டு தடவை படித்தேன்: 'அத்தையோடு சண்டை வேண்டாம்.' ஆசைக்கும் எல்லை இல்லை போலும்.

தாளின் அடியில் ஐந்தாவது வரி: 'தனிக் கடை.' இரண்டு படி ஏறிப் போகிற ஓர் அறையைப் பார்த்தும் வைத்திருந்தாள். வெட்டுமேசை ஜன்னலோரம் நிற்குமா என்று டேப்பைப் பிடித்து அளந்துவிட்டு வந்தாள். நின்றது.

மே மாதம் வலது கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் மரத்துப்போயின. "ஊசி குத்தினாலும் தெரியல அத்தை" என்றாள், கீரை விலை சொல்கிற மாதிரி. மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருக்கிறதாம். ஆறு மாதம் கத்தரியைத் தொடக் கூடாது, பிறகு பார்க்கலாம் என்றார் டாக்டர். கூடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுப் பொத்தான்களை நிறம் பிரிக்க உட்கார வைத்தார்கள். அழுவாள் என்று நான் இரண்டு கைக்குட்டை துவைத்து வைத்தேன். அவை மடித்த மடிப்பு கலையாமல் இருக்கின்றன. வருவாள், சாப்பிடுவாள், இடது கையால் தட்டைக் கழுவுவாள், சுவரைப் பார்த்து உட்காருவாள்.

ஜூன் கடைசி நாள் பட்டியலைக் கீழே இறக்குவது அவள் வழக்கம். "பாதியில ஒரு தடவை போட்டுப் பாத்துடணும். முழுசாத் தச்சப்புறம் இறுக்கிப் பிடிக்குதுன்னு அழுதா என்ன பண்றது?" என்பாள். இந்தத் தடவையும் இறக்கினாள். மேசையில் விரித்துப் பென்சிலை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே எழுதுங்க அத்தை. உங்க கையெழுத்து நல்லாருக்கும்."

"இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்?"

அவள் சிரிக்கவில்லை. நடை, பத்து நிமிடமாகக் குறைந்தது. சைக்கிள்? "பிரேக் பிடிக்க முடியாது. அடிச்சிடுங்க."

"கணக்கு?" என்றேன்.

எதிரே வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த பேத்தி தலை தூக்காமல் சொன்னாள்: "அம்மா இப்பல்லாம் திட்டறதே இல்ல பாட்டி. திட்டினாக்கூடத் தேவலை."

மருமகள் அவளைப் பார்த்தாள்.

"நாலாவது?" என்றேன் நான். "ரெண்டு மாசமா நீ சண்டையே போடல. என் நாக்கு துருப்பிடிச்சுப் போச்சு. வாரம் ஒரு சண்டைன்னு மாத்தி எழுதிடறேன்."

"எழுதுங்க."

அதற்கும் ஒரு முறைப்புக்கூட இல்லை. எழுதினேன். ஐந்தாவது வரிக்கு வந்தோம். தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அடிச்சிடுங்க" என்றாள். சைக்கிளுக்குச் சொன்ன அதே குரல்.

நான் அடிப்பேனா? எந்த உடுப்பை வெட்டினாலும் கீழ்விளிம்பில் ஓர் அங்குலம் கூடுதலாக விட்டு உள்ளே மடிக்கிறவள் அவள். போடுகிறவர் வளர்ந்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம் என்பது கணக்கு. அவள் வித்தையை அவளிடமே காட்டினேன். பென்சிலை வைத்துவிட்டு, தாளின் அடியை ஓர் அங்குலம் பின்னால் மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்து, ஆணியில் மாட்டினேன். முன்னால் பார்த்தால் நான்கு வரிதான் தெரியும். கடை உள்ளே இருக்கிறது.

இதை எழுதி முடித்ததும் வீட்டில் உரக்கப் படித்துக் காட்டினேன். மருமகள் கடைசிவரை கேட்டாள்.

"பன்னெண்டு மடிப்பு இல்ல அத்தை. எட்டு."

"சரி, எட்டுன்னே மாத்திடறேன்."

"அந்த அஞ்சாவது வரியும் அப்படி இல்ல. நான் சொன்ன உடனே நீங்க கோடு போட்டுட்டுக் காபி போட எழுந்து போயிட்டீங்க. மடிச்சது நான். இடது கையால."